சத்தமில்லாத கார்

நான் ஒரு காரை, அதன் பின் ஆசனத்தில் வாழ்க்கையில் ஒரேயொரு தடவை, அதுவும் தலையைக் குனிந்தபடி, அரை மணித்தியாலம் இருந்த அனுபவத்தை வைத்து வாங்கியவன். இவ்வளவு காலமும் இதை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம்தான். இப்போது தலைமயிர் பாதி நரைத்துவிட்டது. வெட்கப்படுவதற்கு இதைவிடப் பெரிய விஷயங்கள் பல சேர்ந்துவிட்டன. ஆகையால் சொல்லிவிடலாம்.

அந்தக் காரைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. கறுப்பு நிறம், ஆமை முதுகு, வெள்ளைக்காரன் நாட்டுச் சாமான். மருதமுனையில் இருந்த ஒரு காக்காவுக்கு (எங்கள் பேச்சில் அண்ணன்) சொந்தமானது. மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது வரைக்கும் எந்த வீட்டில் கலியாணம் என்றாலும் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்ப் பெண் வீட்டு வாசலில் இறக்குவது அந்தக் கார்தான். எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்தால் வீடு மாறுகிறவன் ஆண். பெண்ணுக்கு அவளுடைய வாப்பா கட்டிக் கொடுத்த வீடு இருக்கும், அங்கே போய்க் குடியேற வேண்டும். எனவே ஒவ்வொரு ஆணும் பிறந்த வீட்டை விட்டுப் போனது அந்தக் காரில்தான். உம்மாவைப் பார்க்கத் திரும்பி வந்தது சைக்கிளில்.

ஊர்வலத்துக்கு ஒரு முறை இருந்தது. முன்னால் சீனவெடி. அதற்குப் பின்னால் பக்கீர்மார் றபான் அடித்துப் பாடிக்கொண்டு நடப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் கார், நடை வேகத்தில். காருக்குள்ளே மாப்பிள்ளை, முகத்தை மறைத்துத் தொங்கும் பூச்சரத்தோடு, வாயில் லேஞ்சிக் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, மடியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். தலையை நிமிர்த்தினால் மாப்பிள்ளைக்கு வெட்கமில்லை என்று பெண் வீட்டுச் சந்தான அந்த ஒழுங்கை முழுக்க ஒரு தலைமுறைக்குப் பேசும். நான் வெட்கமுள்ள மாப்பிள்ளை. கல்முனையிலிருந்து சாய்ந்தமருது வரைக்கும் நான் கண்டது என்னுடைய இரண்டு முழங்கால்களை மட்டுமே.

ஆனால் கேட்டது நினைவிருக்கிறது. பெண் வீட்டு ஒழுங்கை முனையில் றபான் நின்றது. சலவாத்துச் சொல்லிக்கொண்டு மெதுவாக உள்ளே போனார்கள். அந்த அமைதியில் காரின் எஞ்சின் சத்தம் ஒரு துளிகூடக் கேட்கவில்லை. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு இருமல் இல்லை. களப்பில் தோணி வழுக்கிப் போவது போலப் போனது. இது என்ன எஞ்சின் என்று நான் வியந்தேன். கலியாண நாளில் எஞ்சினை வியந்துகொண்டிருந்த மாப்பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்றும் நினைத்துக்கொண்டேன். அதுவும் பிழை என்பது பிறகு தெரிந்தது.

ஐந்து வருடம் போனது. எண்பதுகளின் தொடக்கம். யப்பான் வேன்கள் கொழும்பிலிருந்து எங்கள் பக்கம் வரத் தொடங்கிய காலம். மருதமுனைக் காக்காவும் ஒரு வேன் எடுக்கப் போகிறார், பழைய காரை விற்கப் போகிறார் என்று கதை வந்தது. எனக்குச் சாகாமத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை. இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ் வருவது அதன் விருப்பம். மனைவிக்குச் சீதனமாக வந்த இரண்டு ஏக்கர் வயலும் அந்தப் பக்கம்தான், சாகாமக் குளத்துக்குக் கீழே. அந்தப் பெரும்போகத்து நெல் நாற்பது மூடை எங்கள் முன் அறையில் கூரையைத் தொடுமளவுக்கு அடுக்கியிருந்தது. காக்கா சொன்ன விலையும் அந்த நெல்லின் விலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. இதில் அல்லாஹ்வின் ஏற்பாடு இருப்பதாக எனக்குப் பட்டது.

மனைவிக்கு அப்படிப் படவில்லை.

“மகள்ட அத்திவாரத்துக்கு வெச்ச நெல்லுங்க அது” என்றாள்.

“மகளுக்கு ரெண்டு வயசு. நாளைக்கே மாப்பிள்ளை வரப்போறானா?”

“எனக்கு ரெண்டு வயசிலதான் வாப்பா இந்த வீட்டுக்கு அத்திவாரம் போட்டாரு. போடாட்டி நீங்க இப்ப எங்க இரிந்து இந்தக் கத கதைப்பீங்க?”

நான் வேறு பக்கத்தால் போனேன். கார் இருந்தால் வயலை நானே போய்ப் பார்க்கலாம், விளைச்சல் கூடும், கூடிய விளைச்சலில் அத்திவாரம் என்ன, மேல்வீடே கட்டலாம் என்று விளக்கினேன். அடுத்த பெரும்போகத்துக்கு முந்தி நாற்பது மூடைக்கும் நான் பொறுப்பு என்று வாக்கும் கொடுத்தேன். அவள் கொஞ்சம் இறங்கி வந்தது போல இருந்தது.

“ஆர்ட கார்?”

“நம்மட கலியாணக் கார்தான்.”

“அந்தக் காரா?” என்றாள். உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. ஐந்து வருடம் கழிந்தும் கலியாணத்தை நினைத்து இப்படி நாணப்படுகிற மனைவி எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

“விசாரிச்சுப் பாத்தீங்களா?” என்று கேட்டாள், வாயை இன்னும் பொத்தியபடி.

“விசாரிக்கத்தான் போறன்.”

“நல்லா விசாரிங்க. தெரிஞ்ச ஆக்கள்ட்ட கேளுங்க.”

தெரிந்தவர்களைத் தேடி நான் வெளியே போனேன்.

முதலில் போனது வாசிகசாலைக்கு. எந்த விஷயத்துக்கும் ஒரு புத்தகம் இருக்கும் என்று நம்புகிறவன் நான். ஓடிக் களைத்த வாகனங்களை வாங்குகிறவர்களுக்காக எழுதிய ஒரு தடித்த இங்கிலிஷ் புத்தகம் உண்மையாகவே இருந்தது. எனக்கு முதல் அதைக் கரையான் மட்டும் வாசித்திருந்தது. விடிய எஞ்சின் குளிராக இருக்கும்போது போய்ப் பார், பொனட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் விற்கிறவர் உன்னை முந்திவிட்டார் என்றது. தகரத்தில் காந்தத்தை வைத்துப் பார், ஒட்டாத இடம் எல்லாம் பூச்சு என்றது. செங்குத்தான மலையில் ஏற்றிப் பார் என்றது. எழுதியவர் மலையுள்ள நாட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் கடலிலிருந்து வயல் வரைக்கும் நிலம் பாய் விரித்தது போலக் கிடக்கும். மேடு என்று சொல்லத்தக்கது வாய்க்காலுக்கு மேலே கட்டிய மதகு ஒன்றுதான். அதில் ஏறும்போது சைக்கிள்காரர்கள் ஆசனத்தை விட்டு எழும்புவதுகூட இல்லை. கடைசியாக, முன்னர் அந்த வாகனத்தைப் பாவித்தவர்களிடம் விசாரி என்றது. இது எங்கள் ஊருக்கென்றே எழுதியது போல இருந்தது. பாவிக்காத ஆண் யார்?

தபால் கந்தோரில் கிளாக்கராக இருந்த என்னுடைய கூட்டாளியிடம் கேட்டேன். முத்திரை ஒட்டிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

“அந்தக் காரா? என்ட கலியாணத்துக்கும் அதுதான் மச்சான். ஒழுங்கைக்குள்ள வரக்குள்ள ஒரு சத்தமில்ல. இது ஓடுதா நிக்குதா எண்டு எனக்கே தெரியல்ல.”

கல்முனைக் கடைத்தெருவில் புடைவைக் கடை வைத்திருந்த ஹாஜியாரிடம் கேட்டேன். அவர் முழக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“காருக்கு ஒரு குறையும் செல்ல ஏலா மகன். பஞ்சு மாதிரி போன கார். போய் எறக்கின இடம்தான்…” என்று தொடங்கி, உள் அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, வசனத்தை அப்படியே விட்டார்.

மூன்றாவதாகக் கராஜ் வைத்திருந்த மெக்கானிக், எங்கள் வாயில் கராஜ் பாஸ். இவர் சாட்சி மட்டுமல்ல, நிபுணரும்கூட. அந்தக் காரைப் பல தடவை கழற்றிப் பூட்டியவர்.

“மூணு தரம் எஞ்சின் எறக்கியிரிக்கன் சேர். தண்ணி கொதிக்கும். கியர்ப் பெட்டி கத்தும். சிலிண்டர் தேய்ஞ்சு போய் ஒயில் குடிக்கும்” என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தவர், ஐந்தாவது விரலில் நின்றார். கண் எங்கோ போனது. “ஆனா ஒண்டு செல்லணும். என்ட கலியாணத்தண்டைக்கி அது போன போக்கு இருக்கே. நான் காதக் குடுத்துக் கேட்டன் சேர், தொழில்காரன்தானே. ஒரு சத்தமில்ல. அண்டைக்கி எப்பிடி ஓடிச்செண்டு எனக்கு இண்டைக்கு வரைக்கும் விளங்கல்ல.”

ஒரு நிபுணர் தன் அறிவையும் அனுபவத்தையும் எதிரெதிரே வைத்தால் எதை எடுப்பது? படித்த மனிதன் என்ற முறையில் நான் எனக்குப் பிடித்ததை எடுத்தேன்.

ஒரு வெள்ளி விடிய, சுபஹுத் தொழுத கையோடு, பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக் காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மருதமுனைக்குப் போனேன். காக்கா படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நான் நேரே போய்ப் பொனட்டைத் தொட்டேன். கையை உடனே எடுத்துவிட்டேன்.

“பொனட் சுடுது காக்கா.”

“ஓம் சேர். நீங்க வாறெண்டு சுபஹுக்கு முந்தியே எழுப்பி வெச்சிட்டன்.”

“ஏன்?”

“வயசானத சட்டெண்டு எழுப்பப்படா.”

புத்தகத்தில் மறைக்கிற வியாபாரிகளைப் பற்றித்தான் எழுதியிருந்தது. ஒத்துக்கொள்கிறவரை என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தேன், விழுந்தது. மட்காட்டில் வைத்தேன், அங்கேயும் விழுந்தது. காக்கா குனிந்து பொறுக்கிக் கையில் தந்தார்.

“அதுல ஒட்டாது சேர். தகரம் போய் கனகாலம். இப்ப நிக்கிறது பூச்சு.”

“எத்தன மைல் ஓடியிரிக்கும்?”

“மீட்டர் நிண்டுட்டு. நிக்கிறதுக்கு முந்தி ஒருக்கா முழுசாச் சுத்தி வந்தது. நிண்டதுக்குப் புறகு ஓடினத்த அல்லாஹ்தான் அறிவான்.”

ஒரு குறையைக் கேட்க இரண்டு குறையைச் சொன்னார். எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடிக்கொண்டே போனது. இவ்வளவு உண்மை பேசுகிற மனிதரின் கார் மோசமாக இருக்க முடியாது என்று ஒரு நியாயம் மனதில் உருவாகி வந்தது. அந்த நியாயத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பது அப்போதே தெரிந்தது. ஆனால் அதைத் தேட அன்றைக்கு நேரம் இருக்கவில்லை.

ஓடிப் பார்க்கப் புறப்பட்டோம். காக்கா ஸ்டியரிங்கில். எனக்கு அப்போது லைசன் இல்லை, பழகுவதாக எண்ணம். நான் வேண்டுமென்றே பின் ஆசனத்தில் ஏறினேன். பழைய அனுபவத்தோடு ஒப்பிட வேண்டுமல்லவா. கொஞ்ச நேரம் தலையைக் குனிந்தும் பார்த்தேன். கடகடவென்று பெரிய சத்தம். மருதமுனையில் வீட்டுக்கு வீடு தறி ஓடும், விடியத் தொடங்கினால் ஊரே ஒரு தாளத்தில் இருக்கும்.

“என்ன சத்தம் காக்கா, தறியா?”

“தறிதான் சேர்.”

ஊரைக் கடந்தோம். வயல் வெளி. தறியும் இல்லை, வீடும் இல்லை. சத்தம் மட்டும் எங்களோடு வந்துகொண்டிருந்தது.

“இப்பவும் தறியா?”

“இல்ல சேர். இது கார்தான்.”

மதகில் ஏறினோம். ஏறி முடிய ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்தார். நான் முன்னுக்குச் சாய்ந்து, காக்காவின் தோளைத் தொட்டு, என் மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

“என்ட கலியாணத்துக்கு இது சத்தமே இல்லாமப் போச்சே காக்கா?”

காக்கா முன் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். பிறகு றோட்டைப் பார்த்தார்.

“ஓம் சேர். அண்டைக்கிச் சத்தமில்லதான்.”

“அப்ப இண்டைக்கி?”

“அண்டைக்கி நீங்க மாப்பிள்ளை. இண்டைக்கி வாங்க வந்தவர்.”

இதில் ஆழமான ஏதோ இருப்பதாக எனக்குப் பட்டது. மனம் நிறைந்திருக்கும்போது காது உலகத்தின் இரைச்சலைக் கேட்பதில்லை என்று நானே ஒரு விளக்கமும் கொடுத்தேன். காக்கா மறுக்கவில்லை. திரும்பி வந்து இறங்கியதும், எல்லோரும் செய்வதைப் பார்த்திருக்கிறேன் என்பதால், ஒரு டயரைக் காலால் உதைத்தேன். உதைத்தால் என்ன தெரியவேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது பெருவிரலில் வலி. “சரி காக்கா” என்றேன்.

அடுத்த கிழமை மில்காரர் வந்து நாற்பது மூடையையும் ஏற்றிக்கொண்டு போனார். வெறுமையான முன் அறையில் மகள் ஓடி விளையாடினாள். அவளுடைய அத்திவாரம் இருந்த இடம் அது. மனைவி சிந்திக் கிடந்த நெல்லைக் கூட்டினாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு காக்காவே காரை ஓட்டிக்கொண்டு வந்து தருவதாக ஏற்பாடு. நான் மருதமுனைக்குப் போய், பின் ஆசனத்தில் ஏறிக்கொண்டேன். புதிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். கல்முனைச் சந்தியில் தெரிந்தவர்கள் கை காட்டினார்கள். நானும் காட்டினேன். சாய்ந்தமருது வரைக்கும் சத்தத்தோடு என்றாலும் நன்றாகவே வந்தது. எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பியதும், மணலில் சில்லு இரண்டு சுற்றுப் போயிருக்கும், பொனட்டிலிருந்து ஆவி எழும்பியது. எஞ்சின் ஒரு தரம் தும்மி நின்றது.

காக்கா சாவியைத் தொடவே இல்லை. கியரை நடுவுக்குத் தட்டிவிட்டு, யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சந்திக் கடையடியில் நின்ற வாலிபர்களைப் பார்த்து, “வாங்க மக்காள்” என்றார். அவ்வளவுதான். நான்கு பேர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கே பிடிப்பது, எப்படித் தள்ளுவது என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. ஆளுக்கொரு இடம் முன்பே எழுதிக் கொடுத்தது போலப் போய் நின்றார்கள்.

கார் அசைந்தது.

அப்போது வந்தது அந்த அமைதி. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு இருமல் இல்லை. களப்பில் தோணி. என் உடம்பு அதை என் அறிவுக்கு முந்தி அடையாளம் கண்டுகொண்டது. ஒரு கணம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகக்கூட இருந்தது: இதோ, நான் சொன்னேனே, இதுதான் அந்த எஞ்சின். பின்னர் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பின் கண்ணாடியால் பார்த்தேன். கலியாண நாளில் நான் செய்யாத காரியம் அது ஒன்றுதான். நான்கு முகங்கள், நான்கும் வியர்வையில்.

அதற்குள் ஒழுங்கையின் இரண்டு பக்க வேலியிலும் பெண்கள் கூடிவிட்டார்கள். அந்தக் கார், தள்ளிக்கொண்டு வருகிற வாலிபர், உள்ளே வெள்ளைச் சட்டையோடு ஒரு ஆண். இதைக் கண்டால் எங்கள் பெண்களின் வாய் உத்தரவு கேட்டுக்கொண்டு இருக்காது. முதலில் ஒரு வேலியிலிருந்து கலியாணக் குரவை எழும்பியது. அடுத்த வேலி அதை வாங்கிக்கொண்டது. எங்கள் வீட்டு வாசலை அடையும்போது ஒழுங்கை முழுக்கக் குரவை. நான் என்னை அறியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். ஐந்து வருட இடைவெளியில், அதே வீட்டுக்கு, அதே பெண்ணுக்கு, இரண்டாவது தடவை மாப்பிள்ளையாக வந்து இறங்கினேன்.

காக்காவைப் பிடித்துக்கொண்டேன். “சத்தமில்லாத கார் எண்டுதானே காக்கா வாங்கின நான்.”

“நான் எப்ப அப்பிடிச் சென்ன சேர்?” என்றார் அவர், கோபமில்லாமல். “நீங்கதான் வந்து எனக்குச் சென்ன.”

அவர் பஸ்ஸில் போய்விட்டார். மனைவி வாசலில் நின்றாள். இந்தத் தடவை வாயைப் பொத்தவில்லை.

“ஒனக்குத் தெரியுமா இது?” என்றேன்.

“என்னது?”

“என்னத் தள்ளிக்கிட்டு வந்தது.”

“நீங்க உள்ளுக்குத்தானே இரிந்தீங்க. தெரியாதா?” என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். “மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டு மெல்ல மெல்ல வந்தா அது சூடாகி நிண்டுடும். ஒழுங்கை வாசல்ல இரிந்து தள்ளித்தான் கொண்டாற. எல்லா மாப்பிள்ளையும் அப்பிடித்தான். தள்ளினவனும் தான் மாப்பிள்ளையானா அத மறந்துடுவான். பொம்புளைகள் வேலியால பாக்கிறதே அதத்தானே.”

“நீ ஏன் செல்லல்ல?”

“தெரிஞ்ச ஆக்கள்ட்ட கேளுங்க எண்டு சென்னன். நீங்க செருப்பப் போட்டுக்கிட்டு வெளிய போயிட்டீங்க.”

அப்போதுதான் விளங்கியது. மூன்று ஊரிலும் தாடியுள்ளவர்கள் எல்லோரையும் விசாரித்திருந்தேன். மூன்று ஊரிலும் உண்மை தெரிந்த பாதிப் பேரில் ஒருவரைக்கூட விசாரிக்கவில்லை. மாமி உள்ளேயிருந்து வந்து, நெல் இருந்த இடத்தைக் கடந்து போய் யன்னலடியில் இருந்தார். “மருமகன் நல்ல காரியம்தான் செஞ்சிரிக்காரு” என்றார். “இப்ப வீட்டுக்குள்ள நல்லாக் காத்து வருது.”

கார் முருங்கை மரத்தடியில் நின்றது. நான் லைசன் எடுத்த பிறகு மூன்று தடவை பள்ளிக்கூடம் போனது. மூன்று தடவையும் மாணவர்கள் எனக்காக எடுத்துக்கொண்ட சிரமத்தை மறக்க முடியாது. பிறகு ஒரு கோழி பின் ஆசனத்தில் முட்டையிடத் தொடங்கியது. அந்த ஆசனத்தின் சுகத்தைப் பற்றி என்னோடு ஒத்துப்போன கடைசி உயிர் அதுதான். கராஜ் பாஸைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் முன் அறைப் பக்கம் போகாமல் மரத்தடியிலேயே நின்று, “அப்ப என்னையும் தள்ளித்தான்…” என்று சொல்லிவிட்டு அன்றைக்கு வேலை செய்யாமலே போய்விட்டார்.

வெள்ளாண்மை வெட்டு முடிந்து கலியாண மாதம் வந்தது. ஒரு பின்னேரம் பக்கத்து ஒழுங்கையிலிருந்து பெண்ணுடைய வாப்பா ஒருவர் வந்தார். காக்காவின் வேன் அவருக்குப் பிடிக்கவில்லையாம். வேனில் மாப்பிள்ளையைக் கொண்டுவந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தது போல இருக்கிறதாம். கார் கிடைக்குமா என்று கேட்டார். கார் ஓடாது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். திரைக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் முந்திக்கொண்டது.

“ரெண்டு மூடை நெல்லு. தள்ளுற ஆக்களுக்குச் சாப்பாடு ஒங்கட பொறுப்பு.”

“அதுக்கென்ன, வழமைதானே” என்றார் அவர். அவருக்கும் தெரியாதது ஒன்றுமில்லை போலும். ஒருவேளை அவருடைய மனைவி அனுப்பித்தான் வந்தாரோ என்னவோ.

முன் அறையில் மறுபடியும் மூடைகள் சேரத் தொடங்கின, இரண்டிரண்டாக. கல்முனையில் நான் விசாரித்த எந்த மனிதனும், நான் வாசித்த எந்தப் புத்தகமும் அந்தக் காருக்கு இப்படி ஒரு பயன் இருப்பதைச் சொல்லவில்லை. தள்ள ஆள் குறைகிற நாட்களில் சொந்தக்காரன் என்ற முறையில் நானும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போவேன். வலப் பக்கத்துப் பின் மட்காட் என்னுடைய இடம். காரின் பின் கண்ணாடிக்குள்ளால் உள்ளே குனிந்திருக்கும் பிடரி ஒன்று தெரியும். பாவம் என்று நினைப்பேன்.

பதினொரு மூடை சேர்ந்திருந்தபோது (ஒரு பெண் வீட்டார் ஒரு மூடை குறைத்துவிட்டார்கள்) ஒரு வாலிபர் வீடு தேடி வந்தார். என்னுடைய பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஆசிரியர். முந்திய கிழமை அந்தக் காரில் போன மாப்பிள்ளை.

“சேர் கோவிக்கப்படா” என்று தொடங்கினார். “கார விக்கிற எண்ணம் இரிக்கா?”

“ஏன் தம்பி?”

“அண்டைக்கிப் போன போக்கு மனசில இரிந்து போகுதில்ல. றபான் நிண்ட புறகு நான் காதக் குடுத்துக் கேட்டன் சேர். ஒரு சத்தமில்ல.”

விலை கேட்காமலே நான் காக்காவுக்குக் கொடுத்த விலையைச் சொன்னார். ஊர் முழுக்க அது தெரிந்த விலை. முன் அறையில் பதினொரு மூடை, இனிச் சேர வேண்டியது இருபத்தொன்பது, பெரும்போகத்துக்கு இரண்டு மாதம். ஒரு “ஓம்” சொன்னால் மகளுடைய அத்திவாரம் அந்த மாதமே எழும்பும், என் வாக்கும் நிற்கும். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுபோயிருந்தது.

குறைகளை எல்லாம் மறைக்காமல் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். பூச்சைச் சொல்லலாம், மீட்டரைச் சொல்லலாம், ஒயில் குடிப்பதைச் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால் இவர் உடனே வாங்கிவிடுவார். அந்த வழியை நான் நடந்து பார்த்தவன்.

“தம்பி, ஊட்ட போய் ஒங்கட பொண்டாட்டிட்ட கேளுங்க. வேற ஆர்ட்டயும் கேக்காதீங்க” என்றேன்.

இந்த வயதிலேயே மனைவிக்குப் பயந்தவர் போல என்று என்னை ஒரு இரக்கத்தோடு பார்த்துவிட்டு அவர் போனார். உள்ளே வளையல் சத்தம் திரும்பக் கேட்டது. தேத்தண்ணி வந்தது. சீனி வழமையைவிட ஒரு கரண்டி கூட.

அந்தப் பெரும்போகத்துக்குள் நாற்பது மூடை சேரவில்லை. வாக்குப் பிழைத்தது. அடுத்த வருடத்துக் கலியாணங்கள்தான் மிச்சத்தைக் கொண்டுவந்தன. அத்திவாரம் போட்ட அன்று மகளுக்கு நான்கு வயது நெருங்கியிருந்தது. தெரிந்தவர்கள், அயலவர்கள் என்று பலர் வந்து, லொறி கொட்டிய கருங்கல்லை வரிசையாக நின்று கை மாற்றிக் கிடங்கு வரைக்கும் கொண்டுபோனார்கள். வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் அந்த வாலிப ஆசிரியர். கார் விஷயம் அவர் பிறகு எடுக்கவே இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“அண்டைக்கிச் சென்னேனே தம்பி. பொண்டாட்டிட்டக் கேட்டீங்களா?”

“கேட்டன் சேர்.” ஒரு கல்லை என் கையில் தந்தார். “கேட்ட உடன சிரிச்சா. தள்ளித்தான் கொண்டந்தயாம்.”

“நான் அதுக்குத்தான் கேக்கச் சென்ன” என்றேன், கொஞ்சம் பெருமையாக.

“நாலு பேர் தள்ளினயா எண்டு கேட்டன்” என்றார் அவர், அடுத்த கல்லுக்குக் குனிந்தபடி. “இல்லயாம் சேர், மூணு பேர்தானாம். வலப் பக்கம் கண்ணாடி போட்ட ஒராள் கைய மட்டும் வெச்சிட்டுச் சும்மா நடந்து வந்தாராம்.”